கோச்சும் அவரே, ஸ்டாப்பரும் அவரே: சேலத்து கிளப்புக்கு எது சரிப்படும்?

பழைய கோச் விலகிவிட்டார். சீசன் தொடங்க ஆறு வாரம்தான் இருக்கிறது. கிளப் கணக்கில் ஜெர்சி அடிக்கவே பணம் போதாது. இந்த நிலையில் அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ எந்த கால்பந்து கிளப் கூடிப் பேசினாலும் ஒரு குரல் எழாமல் இருக்காது: "வெளியாளு எதுக்குங்க? நம்ம ஸ்டாப்பர் அண்ணாவே பார்த்துக்கட்டும்." ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுத் தடுப்பில், பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆடுகிறவர், பையன்கள் பேச்சைக் கேட்பார்கள், சம்பளமும் வேண்டாம். டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும்.

முடிவு தப்பு என்று சொல்ல வரவில்லை. பாதி முடிவுதான் எடுக்கப்பட்டிருக்கிறது. அண்ணா ஆடிக்கொண்டே அணியை நடத்தலாம். ஆனால் 65வது நிமிடத்தில் அண்ணாவின் கால் தளர்ந்துபோனால் அவரை வெளியே கூப்பிடப்போவது யார்? இந்தக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக இல்லையென்றால், அந்த ஏற்பாடு ஓடாது.

கிளப் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, ஆட்டக்காரரே முழு கோச். இரண்டு, ஆடாத ஒருவர், அதாவது வெளியிலிருந்து வரும் கோச் அல்லது பக்கத்துப் பள்ளியின் பி.இ.டி. சார். மூன்று, ஆட்டக்காரர் கோச்சாக இருக்க, ஆட்ட நேரத்தில் மட்டும் லைனில், அதாவது கிரவுண்டுக்கு வெளியே கோட்டோரம், இன்னொருவர் அதிகாரத்தோடு நிற்பது. மூன்றாவதை யாரும் தனி வழியாகவே எண்ணுவதில்லை. "பெஞ்சுல யாராச்சும் இருப்பாங்க" என்று விட்டுவிடுவார்கள். அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடம்.

பெரிய கிளப்புகளில் என்ன நடந்தது

1985இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் கென்னி டால்கிலிஷை ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் வைத்தது. அப்போது அவருக்கு 34 வயது. முதல் சீசனிலேயே லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் கிடைத்தன. 1986 மே மாதம் செல்சியின் மைதானத்தில் லீக் பட்டத்தை உறுதிசெய்த ஒரே கோலை அடித்தவரும் அவரே. கூட்டத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இந்தக் கோல்தான். ஆனால் அந்த சீசனின் 42 லீக் ஆட்டங்களில் ஏறக்குறைய பாதியில்தான் அவர் ஆடினார் என்பதை யாரும் சொல்வதில்லை. மற்ற நாட்களில் தன் இடத்தை இளையவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்தார். பெஞ்சில் ரானி மோரன், ராய் எவன்ஸ் என்று வருடக்கணக்கில் அந்த அணியைப் பார்த்த ஆட்கள் இருந்தார்கள். ஆலோசனை சொல்ல, அதே கிளப்பின் முன்னாள் மேனேஜர் பாப் பெய்ஸ்லியும் இருந்தார். தனி ஆள் சாதனை என்று நாம் நினைப்பது நாலு பேர் தாங்கிய வேலை.

அடுத்த வருடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸில் கிரேம் சூனஸுக்கு அதே இரட்டை வேலை. 1986 ஆகஸ்டில் லீக்கின் முதல் ஆட்டத்திலேயே ரெட் கார்டு வாங்கினார், அணியும் தோற்றது. 1987 மே மாதம் அபர்டீனில் பட்டம் உறுதியான ஆட்டத்திலும் ரெட் கார்டு. இரண்டு தடவையும் அணி ஒரே நொடியில் ஆட்டக்காரரையும் மேனேஜரையும் இழந்தது. ஆனாலும் ஒன்பது வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம் வந்தது. துணை மேனேஜராக வால்டர் ஸ்மித் இருந்தார் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணம் வின்சென்ட் கொம்பனி. 2019இல் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கிளப்புக்கு ஆட்டக்காரர்-மேனேஜராகப் போனார். முதல் நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. உடனே, ஆட்ட நாள் பொறுப்பை உடனிருந்த பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு, ஆடும்போது ஆட்டத்தை மட்டும் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டார். ஒரு வருடம் கழித்து, ஆடுவதை நிறுத்திய பிறகுதான் முழு மேனேஜர் ஆனார். தோல்வி என்று இதைச் சொல்ல மாட்டேன். முதல் வழியிலிருந்து மூன்றாவது வழிக்கு நான்கே ஆட்டத்தில் நகர்ந்தார்; மானப் பிரச்சினையாக்கி இழுத்திருந்தால் சீசனே போயிருக்கும்.

நம் பக்கத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கிய 2014ஐ எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் எஃப்.சி.யில் மார்கோ மட்டராஸி ஆட்டக்காரர்-மேனேஜர். லீக் கட்டத்தில் முதலிடம், அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோல்வி. அந்த பிளாஸ்டர்ஸை நடத்தியவரும் ஆட்டக்காரர்-மேனேஜர்தான், கீப்பர் டேவிட் ஜேம்ஸ். அவர் அணி இறுதிவரை போய் கொல்கத்தாவிடம் 0-1 என்று தோற்றது. 2015இல் மட்டராஸி பூட்ஸைக் கழற்றிவிட்டு லைனில் நின்றார். கோவாவை 3-2 என்று வென்று கோப்பை வந்தது. அதே 2015இல் மும்பை சிட்டியில் ஆட்டக்காரர்-மேனேஜராக இருந்த அனெல்கா எட்டு அணிகளில் ஆறாவது இடத்தில் முடித்தார். டெல்லியில் ராபர்ட்டோ கார்லோஸ் மிகச் சில ஆட்டங்களில்தான் இறங்கினார், அணி அரையிறுதி போனது. ஆட்டக்காரர் கோச் ஆனதால் கெட்டது என்று இதிலிருந்து விதி எதுவும் கிடைக்காது. ஆனால் நன்றாக முடித்தவர்களில் பலர் ஆடுவதைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

எந்த இடத்தில் ஆடுகிறவர்?

ஆளைப் பார்க்கும் முன் அவர் ஆடும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

கீப்பருக்கு முழு கிரவுண்டும் தெரியும், மூச்சு வாங்காது, மாற்ற வேண்டிய தேவையும் குறைவு. ஆனால் 100 மீட்டர் கிரவுண்டில் நடுக்கோட்டருகே இருக்கும் பெஞ்ச் அவருக்கு 50 மீட்டர் தள்ளி. எதிர்க் கோல் பக்கம் இருக்கும் ஃபார்வர்டுக்கு அவர் குரல் எட்டவே எட்டாது. மூன்றாவது வழியில் அருமையான ஆள். முதல் வழியில் பாதி அணியோடு மட்டும் பேசும் கோச்.

ஸ்டாப்பருக்கு ஆட்டம் முழுக்கக் கண்முன்னால் நடக்கிறது. அணியின் வரிசை கலைவதை முதலில் பார்ப்பவர் அவர்தான். ஆபத்தும் அங்கேயேதான். அவர் ஒரு நொடி பெஞ்சைப் பார்த்து "விங்கை மாத்து" என்று கை காட்டும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் பந்து போனால், அது கோல். ஃபார்வர்டு அதே தப்பைச் செய்தால் ஒரு பாஸ்தான் போகும்.

நடு ஆஃப், அதாவது நடுக்களத்தில் ஆடுகிறவர் எல்லோரோடும் பேசும் தூரத்தில் இருப்பார். அதிகம் ஓடுகிறவரும் அவரே. சேலத்தில் ஏப்ரல் மாதம் நாலு மணி வெயிலில் 50 நிமிடம் ஓடியவரிடம் "ஃபார்மேஷனை மாத்தலாமா?" என்று கேட்டால் வரும் பதில் மூளையிலிருந்து வராது.

ஓரத்தில் தடுத்தாடும் சைடு பேக் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரைட் பேக்காக ஆடும் கோச் ஒரு பாதியில் பெஞ்சை ஒட்டி நிற்பார். பாதி மாறியதும் எதிர்க் கோட்டுக்குப் போய்விடுவார். டாஸ் ஜெயித்தால், இரண்டாம் பாதியில் அவர் பெஞ்ச் பக்கம் வருகிறமாதிரி திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றங்கள் அதிகம் நடப்பது அப்போதுதான்.

ஃபார்வர்டு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவர், பார்வை குறைவு. ஆனால் வெளியே எடுக்க எளிது. மீதி நேரம் லைனிலிருந்தே நடத்தலாம். டால்கிலிஷுக்கு அது ஒத்துவந்ததில் ஆச்சரியம் இல்லை.

பயிற்சியில் எங்கே இடறும்

வாரம் மூன்று நாள், காலை 6 முதல் 7.30 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு மேல் வெயிலும் வேலையும் சேர்ந்துவிடும். ஆட்டக்காரர்-கோச் மூன்று நாளும் தானும் சேர்ந்து ஆடுவார், அது அவருக்குப் பிடித்த விஷயம். ஆனால் உள்ளே நின்று ஆடுகிறவருக்கு லெஃப்ட் பேக் எத்தனை தடவை தாமதமாகத் திரும்புகிறான் என்பது தெரியாது.

ஒரு நாள் ஓட்டமும் பாஸும், அதில் அவரும் ஓடட்டும். ஒரு நாள் கார்னர், ஃப்ரீ கிக், சுவர் நிறுத்துவது. மூன்றாவது நாள் பதினொன்றுக்குப் பதினொன்று அல்லது எட்டுக்கு எட்டு. அன்றைக்கு அவர் கிரவுண்டுக்கு வெளியே நிற்க வேண்டும், அவர் இடத்தில் இன்னொரு பையன் ஆட வேண்டும். இதில் இரண்டு வேலை முடிகிறது. கோச் தன் அணியை வெளியிலிருந்து பார்க்கிறார். அந்தப் பையன் வாரா வாரம் அந்த இடத்தில் பழகுகிறான். பயிற்சியில் தன் இடத்தை யாருக்கும் கொடுக்காதவர் ஆட்டத்திலும் கொடுக்க மாட்டார்; கொடுக்க நினைத்தாலும் அங்கே ஆடப் பழகிய ஆள் இருக்காது.

ஆள் தேர்வுதான் மனஸ்தாபம் முளைக்கிற இடம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவன், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவன், கல்லூரிப் பையன் எல்லோரும் ஒரே அணியில் இருப்பார்கள். வருகையை மட்டும் வைத்து எடுத்தால் கல்லூரிப் பையன்களே ஆடுவார்கள். திறமையை மட்டும் வைத்தால் பயிற்சிக்கு வருபவன் எதற்கு வருகிறான்? வெளி கோச் இதில் எந்தப் பக்கம் போனாலும் "அவர் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். ஆட்டக்காரர்-கோச் போனால், "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்ங்கிற மாதிரி, அவர் தெருப் பையனை எடுத்துட்டார்" என்பார்கள். அதற்கு மருந்து ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம்தான்: யார் எந்தப் பயிற்சிக்கு வந்தான், யார் எந்த ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடினான். அண்ணா ஆடிய நிமிடமும் அதில் ஏற வேண்டும். நோட்டு லைன்மேல் நிற்பவர் கையில் இருக்கட்டும், கோச் கையில் வேண்டாம்.

லைனில் நிற்கும் ஆள்

இவர் பெரிய கோச்சாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கீப்பர் மிகப் பொருத்தம்: எல்லாப் பயிற்சிக்கும் வருவார், ஆட்டம் முழுக்கப் பார்ப்பார், இறங்கும் வாய்ப்பு குறைவு. சீசனுக்கு வெளியே போன, முழங்கால் அடிபட்ட சீனியரும் சரி. அண்ணாவை விட வயதில் மிகச் சின்னவராக இருக்கக் கூடாது. "அண்ணா, போதும், வெளிய வாங்க" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழ வேண்டும்.

டீம் ஷீட்டில் அவர் பெயரை அணி அதிகாரியாக எழுதிக் கொடுங்கள். ஆட்ட விதிப்படி டெக்னிக்கல் ஏரியாவிலிருந்து, அதாவது பெஞ்சை ஒட்டிக் குறித்த இடத்திலிருந்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் உத்தரவு சொல்லலாம். நாலு பேர் கோட்டில் நின்று கத்தினால் ரெஃப்ரி உட்காரச் சொல்வார். 2019 முதல் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் யெல்லோ, ரெட் கார்டு உண்டு. கத்தியது யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளர் தலையில்தான் கார்டு விழும். ஆக பெஞ்சை அடக்கி வைப்பதும் அவர் வேலை.

கையில் வாட்ச், பேனா, மடித்த ஒரு தாள். தாளில் ஆட்டத்துக்கு முந்தைய இரவே அண்ணாவும் அவரும் சேர்ந்து மூன்று வரி எழுதியிருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்தால் 60வது நிமிடத்தில் யார் வெளியே, யார் உள்ளே. தோற்றுக்கொண்டிருந்தால் யார். அண்ணாவுக்கு யெல்லோ கார்டு விழுந்தால் என்ன. இந்த மூன்றாவது வரியை எழுதச் சங்கடப்படுவார்கள். சூனஸ் கதை ஞாபகம் இருக்கட்டும்: ரெட் கார்டு வாங்கியவர் கிரவுண்டை விட்டு மட்டுமல்ல, டெக்னிக்கல் ஏரியாவை விட்டும் போக வேண்டும். ஒரு கார்டில் கோச்சும் போய்விடுவார். தடுப்பாட்டக்காரர் என்றால், முதல் யெல்லோவுக்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள் மாற்றிவிடுவதே பத்திரம்.

சைகை இரண்டு போதும். அண்ணா முஷ்டியை உயர்த்தினால், "என்னை மாற்று". லைனில் இருப்பவர் தாளை உயர்த்தினால், "மாற்றப்போகிறேன்". இரண்டாவதற்கு அண்ணா தலையாட்டத் தேவையில்லை. அவர் சம்மதம் முந்தைய இரவே வாங்கியாகிவிட்டது. வெளியேறுகிறவர் பெஞ்ச் வரை நடந்து வர வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும் என்பதே இப்போதைய விதி. தோற்றுக்கொண்டிருக்கும்போது இது அரை நிமிடம் மிச்சம்.

ஆஃப் டைம், அதாவது பாதி ஆட்ட இடைவேளைதான் இந்த ஏற்பாட்டின் சோதனை. விதிப்படி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது. உள்ளூர் டோர்னமென்ட்டில் பத்தோ ஐந்தோதான் கொடுப்பார்கள். பத்து என்றால்: முதல் மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது, கோச் உட்பட. தண்ணீர், உட்காருதல், மூச்சு. இந்த நேரத்தில் லைனில் இருப்பவர் தாளில் குறித்ததை அண்ணாவிடம் மட்டும் காட்டுவார். "அவங்க பந்து எல்லாம் நம்ம லெஃப்ட்லதான் வருது. பத்தாம் நம்பர் அகலமா நிக்கிறான்" என்று இரண்டே குறிப்பு. அடுத்த மூன்று நிமிடம் அண்ணா அணியோடு பேசுவார், இரண்டு விஷயம் மட்டும். மீதி நேரம் ஷூ லேஸ், ஐஸ், மாற்று ஆட்டக்காரரின் வார்ம்-அப். இந்த வரிசை இல்லாத அணியில் மூச்சு வாங்கியபடி கோச் பத்து நிமிடமும் கத்துவார், தண்ணீர் குடிக்காமலே இரண்டாம் பாதிக்கு ஓடுவார், 70வது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

வெயில் நாட்களில் ரெஃப்ரி கொடுக்கும் கூலிங் பிரேக் ஒன்றரை முதல் மூன்று நிமிடம். அதில் அண்ணா குடிக்கட்டும், லைனில் இருப்பவர் பேசட்டும்.

வெளி கோச் எப்போது?

கிளப்பில் 13, 15 வயதுக்குட்பட்ட பையன்கள் அணியும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அங்கே பயிற்சி கற்ற, லைசென்ஸ் உள்ள ஒருவரோ பி.இ.டி. சாரோ வேண்டும். ஆட்டக்காரர்-கோச்சுக்கு சீனியர் அணியே தலைக்கு மேல் வேலை. பையன்களுக்குக் கூம்பு வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அணிக்குள் ஏற்கெனவே இரண்டு கோஷ்டி இருந்தாலும் வெளியாள்தான். இரண்டில் ஒன்றிலிருந்து கோச்சை எடுத்தால் மற்றது அடுத்த சீசன் வேறு கிளப்பில் ஆடும்.

பணம் மாதச் சம்பளமாக வேண்டாம், பயிற்சிக்கு இவ்வளவு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மழையால் ரத்தானால் பாதி. பி.இ.டி. சார் என்றால் தேர்வு மாதங்களிலும் பள்ளி விளையாட்டுப் போட்டி நாட்களிலும் கிடைக்க மாட்டார். அவர் நாட்காட்டியை முதலிலேயே வாங்கி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு ஆட்டத்துக்கு மேல் இடித்தால் அவரைப் பையன்கள் அணிக்கு மட்டும் கேட்பது நல்லது.

ஏற்காட்டுக் கதை வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வாரம் மூன்று காலை வரும் சேலத்து கோச் முதல் மாதத்திலேயே வாரம் ஒன்றாகக் குறைப்பார், பனிமூட்டக் காலத்தில் அதுவும் இருக்காது. மலையில் இருக்கும் அணிக்கு ஆட்டக்காரர்-கோச் தவிர வேறு வழி அனேகமாகக் கிடையாது. ஆனால் காபி பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை எஸ்டேட் வேலைக்குப் போகும் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மாட்டார்கள் என்பதைக் கணக்கில் வைத்து, அந்த மாதங்களில் ஒரு நாள் பயிற்சி போதும் என்று விட்டுவிட வேண்டும். சேலத்து அணி மேலே ஆடப் போனால், ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சேர்ந்துவிடுங்கள். வளைவில் வாந்தி எடுத்தவன் தேற அவ்வளவாவது வேண்டும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். முதல் இருபது நிமிடம் வழக்கத்தை விட மூச்சு வாங்கும். அங்கே ஆட்டக்காரர்-கோச் பெஞ்சில் தொடங்கி இரண்டாம் பாதியில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம் என்றால் இவ்வளவு யோசனை வேண்டாம். கிரவுண்டு சின்னது, குரல் எல்லோருக்கும் எட்டும், பல டோர்னமென்ட்டில் வெளியே போனவர் திரும்ப இறங்கவும் விடுவார்கள். அப்படி விடுவார்களா என்பதை மட்டும் நுழைவுக் கட்டணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டால் முதல் வழியே போதும்.

பதினொரு பேர் கொண்ட லெவன்ஸ் ஆடும், காசில்லாத, இருபது பேர் கொண்ட சேலத்து கிளப்புக்கு மூன்றாவது வழியைத்தான் சொல்வோம், இரண்டு நிபந்தனையோடு. கேப்டன் பட்டை அண்ணா கையில் இருக்கக் கூடாது. டாஸ், ரெஃப்ரியோடு பேச்சு, பையன்களை அடக்குவது எல்லாம் இன்னொருவர் பார்க்கட்டும். கல்யாண மாப்பிள்ளையே பந்தியும் பரிமாற முடியாது. இரண்டாவது, கிளப் கூட்டத்தின் மினிட் புத்தகத்தில் இப்படி ஒரு வரி ஏற வேண்டும்: "ஐந்தாவது ஆட்டம் முடிந்த வாரம் கூடுவோம். அதுவரை கோச் வெளியே எடுக்கப்பட்ட ஆட்டங்கள் எத்தனை என்று முதலில் பார்ப்போம்." எண்ணிக்கை பூஜ்யம் என்றால், மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தாலும் லைனில் நிற்கும் ஆளை மாற்றுங்கள்.